பண்டிகைக்கு எல்லாரும் வர்றாங்க, எங்க குட்டி இன்னும் நடக்கல! (வாசகர் கேள்வி பதில்)

பண்டிகை லீவு நெருங்குனாலே எனக்கு வர்ற கடிதங்களோட தொனியே மாறிடுது. மத்த நேரத்துல தூக்கம், சாப்பாடு, பல்லு முளைக்கிறதுன்னு கேக்குற அம்மாக்கள் இப்போ "வீட்டுக்கு எல்லாரும் வர்றாங்க, இவன் இன்னும்..." அப்படின்னு ஆரம்பிக்கிறாங்க. அந்த "இன்னும்"க்குள்ள எவ்வளவு பயம் இருக்குன்னு எனக்குத் தெரியும். என் மூத்தவளுக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது ஒரு குடும்ப விசேஷம், அவ சரியா பேசலையேன்னு ஆளாளுக்கு கேட்டாங்க, அன்னிக்கு முழுக்க நான் அவகூட விளையாடவே இல்ல, பக்கத்துல உக்காந்து என்ன பண்றா என்ன பண்ணலன்னு பாத்துகிட்டே இருந்தேன். அந்த நாள் போட்டோவ இப்ப எடுத்துப் பாத்தாலும் மனசு என்னமோ பண்ணுது. அதனால இந்த இதழ்ல இது சம்பந்தமான கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

கேள்வி: என் பையனுக்கு 14 மாசம். சோபாவ பிடிச்சுகிட்டு சைடு சைடா நடப்பான், கைய விட்டா உடனே உக்காந்துடுறான். என் நாத்தனார் பையன் இவனவிட ரெண்டு வாரம் சின்னவன், வீடு பூரா ஓடுறான். வர்ற பண்டிகைக்கு ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கப் போறாங்க. மாமியார் வாக்கர் வாங்கிக் குடுன்னு சொல்லிட்டே இருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நீங்க எழுதுனத வெச்சுப் பாத்தா உங்க பையன் நல்லாவே போய்கிட்டிருக்கான். பிடிச்சுகிட்டு சைடா நடக்குறதே நடைக்கு முந்தின படிதான்மா, அதுலதான் அவன் எடைய ஒரு கால்லேருந்து இன்னொரு காலுக்கு மாத்தப் பழகுறான். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு 5 நாட்டுல 816 குழந்தைங்கள தொடர்ந்து கவனிச்சு 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆரோக்கியமான குழந்தைங்க எதையும் பிடிக்காம தனியா நடக்க ஆரம்பிக்கிற காலம் 8.2 மாசத்துலேருந்து 17.6 மாசம் வரைக்கும் பரந்து கிடக்குது. யோசிச்சுப் பாருங்க, ஒன்பது மாசத்துக்கும் மேல இடைவெளி, அதுக்குள்ள எந்த இடத்துல நடந்தாலும் அது சாதாரணம். உங்க நாத்தனார் பையனும் அந்த வட்டத்துக்குள்ளதான் இருக்கான், உங்க பையனும் அதே வட்டத்துக்குள்ளதான் இருக்கான்.

அதே ஆய்வுல இன்னொன்னும் தெரிய வந்துச்சு, 4.3 சதவீத குழந்தைங்க முட்டி போட்டு தவழவே இல்ல. அதனால "தவழாம நடந்தா தப்பு"ன்னு வீட்டுல யாராவது சொன்னா அதையும் மனசுல போட்டுக்காதீங்க.

அப்போ எப்ப டாக்டர்கிட்ட போகணும்? 18 மாசம் முடிஞ்சும் தனியா நடக்கலன்னா கண்டிப்பா போகணும். அதுக்கு முன்னாடியேகூட போக வேண்டிய நேரங்கள் இருக்கு: ஒரு வயசுக்கு அப்புறமும் எதையும் பிடிச்சு எழுந்து நிக்கலன்னா, ஒரு பக்கத்து கை காலை மட்டும் பயன்படுத்தி இன்னொரு பக்கத்த இழுத்துகிட்டே போனா, உடம்பு ரொம்ப தொளதொளன்னோ ரொம்ப விறைப்பாவோ இருந்தா. ஒன்றரை வயசுக்குள்ள ஒரு கைய மட்டுமே பிடிவாதமா பயன்படுத்துறதும் காட்ட வேண்டிய விஷயம்தான், "இடது கைக்காரன் போல"ன்னு நாம விட்டுடுறோம், ஆனா அந்த வயசுல கைப்பழக்கம் அவ்வளவு உறுதியா இருக்கக் கூடாது.

வாக்கர் வேணாம். இதுல நான் கொஞ்சம் பிடிவாதமாவே சொல்லுவேன். அது நடக்கக் கத்துக் குடுக்காது, நுனிக்கால்ல தள்ளிகிட்டு போகத்தான் பழக்கும், அதோட ஒரு நொடியில படிக்கட்டுக்கோ சூடான பாத்திரத்துக்கோ குழந்தைய கொண்டு போயிடும். கனடாவுல 2004லேயே வாக்கர் விக்கிறதையே தடை பண்ணிட்டாங்கன்னா பாத்துக்கோங்க. மாமியார்கிட்ட சண்டை போட வேணாம், "அத்தை, டாக்டர் வேணாம்னு சொல்றாங்க, நீங்க எதிர்ல உக்காந்து கைய நீட்டுங்க, உங்ககிட்ட வர்றானா பாப்போம்"னு அவங்களுக்கே அந்த வேலைய குடுத்துடுங்க. வெறும் கால்ல விடுங்க, சாக்ஸ் வேணாம், வழுக்கும். நாற்காலிங்கள ஒரு எட்டு தள்ளித் தள்ளிப் போடுங்க, அந்த இடைவெளிய தாண்டணும்னு அவனுக்கே தோணும். அந்த இன்னொரு வாண்டு ஓடுறத பாத்து இவனுக்கும் ஆசை வரலாம், அப்படி வந்தா சந்தோஷம், வரலன்னாலும் ஒண்ணும் இல்ல.

கேள்வி: நான் தாத்தா. பேரனுக்கு 13 மாசம் ஆகுது, வேற ஊர்ல இருக்கான், வாரா வாரம் வீடியோ கால்ல பாத்து சிரிப்பான், கை தட்டுவான். போன தடவை நேர்ல வந்தப்போ நான் தூக்குனதும் வீறிட்டு அழுதான். அந்த ரெண்டு நாளும் எங்கிட்ட வரவே இல்ல. பண்டிகைக்கு மறுபடி வர்றாங்க. மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு.

பதில்: ஐயா, உங்க கடிதத்த நான் ரெண்டு தடவை படிச்சேன். பேரன் உங்கள வெறுக்கல. அவன் அழுததே அவன் வளர்ச்சியோட ஒரு அடையாளம். ஆறிலேருந்து ஒன்பது மாசத்துக்குள்ள குழந்தைங்களுக்கு "இவங்க என்னோட ஆளு, இவங்க புதுசு"ன்னு பிரிச்சுப் பாக்குற அறிவு வருது, அம்மாவ விட்டு விலகுறப்ப வர்ற பயம் பத்து மாசத்துலேருந்து ஒன்றரை வயசு வரைக்கும் உச்சத்துல இருக்கும். சரியா அந்த நேரத்துலதான் நீங்க அவன தூக்கியிருக்கீங்க. அதோட, போன்ல பாக்குற தாத்தா உள்ளங்கை அளவு இருந்தார், நேர்ல வந்தவர் பெருசா இருக்கார், வேற வாசனை, வேற குரல், ரெண்டும் ஒரே ஆளுதான்னு புரிய அவனுக்கு கொஞ்சம் நேரம் வேணும்.

அவங்க வந்து இறங்குன உடனே தூக்கப் போகாதீங்க, இதுதான் உங்களுக்கு கஷ்டமான பாகம். அவங்கம்மா மடியில இருக்கட்டும், நீங்க கொஞ்ச தூரம் தள்ளி தரையில உக்காருங்க, அவன நேருக்கு நேரா உத்துப் பாக்காம ஏதாவது ஒண்ணு பண்ணிகிட்டிருங்க, ஒரு டப்பாவுல மூடிய போட்டு எடுக்குறது, பந்த உருட்டுறது, இந்த மாதிரி. அவன் பாப்பான், அம்மா முகத்தப் பாப்பான், திரும்ப உங்களப் பாப்பான். அந்த அம்மா முகத்தப் பாக்குறது இருக்கே, அது சும்மா இல்ல. 1985ல வந்த ஒரு ஆய்வுல ஒரு வயசு குழந்தைங்கள கண்ணாடி போட்ட மேசை மேல விட்டாங்க, கீழ பள்ளம் மாதிரி தெரியும், எதிர்ப்பக்கம் அம்மா நிப்பாங்க. அம்மா சிரிச்ச முகமா இருந்தப்போ முக்காவாசி குழந்தைங்க அந்தக் கண்ணாடிய கடந்து வந்துடுச்சுங்க, அம்மா பயந்த முகம் காட்டுனப்போ ஒண்ணுகூட வரல. அதனால நீங்களும் உங்க மகளும் சிரிச்சுப் பேசிகிட்டிருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. அரை நாள் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம், அவனா ஒரு பொருளக் கொண்டு வந்து உங்க கையில குடுப்பான். அப்பவும் தூக்காதீங்க ஐயா, வாங்கிட்டு திருப்பிக் குடுங்க. நாலஞ்சு தடவை அப்படி நடக்கட்டும். மடிக்கு அவனே ஏறுவான்.

உங்க மகளுக்கும் ஒண்ணு, இதப் படிச்சா: வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் தாத்தா போட்டோவ தினமும் காட்டுங்க, பேர் சொல்லுங்க.

கேள்வி: மகனுக்கு 20 மாசம். அம்மா, தா, பூ, "பௌ பௌ" இந்த நாலுதான் சொல்றான். சொன்னா புரிஞ்சுக்கிறான். வீட்டுல எல்லாரும் "ஆம்பள பிள்ளைங்க லேட்டாதான் பேசும், அவங்கப்பனே மூணு வயசுலதான் பேசினான்"னு சொல்றாங்க. கணவரும் பண்டிகை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றார். நான் வீணா பயப்படுறேனா? நாங்க வீட்டுல ரெண்டு மொழி பேசுறோம், அதனாலயா?

பதில்: நீங்க வீணா பயப்படல. பயப்பட வேணாம்னும் சொல்றேன், ஆனா சும்மா விட்டுட வேணாம்னும் சொல்றேன், ரெண்டும் வேற வேற.

முதல்ல நல்ல விஷயம். "பௌ பௌ"வும் ஒரு வார்த்தைதான், நாய பாக்குறப்பல்லாம் அதையே சொன்னான்னா கணக்குல சேத்துக்கோங்க. பாதியா சொல்றதும் வார்த்தைதான், ஒரே பொருளுக்கு எப்பவும் அதே சத்தம் வந்தா போதும். ரெண்டு மொழியிலயும் வர்ற வார்த்தைகள கூட்டித்தான் எண்ணணும். ரெண்டு மொழி கேக்குறதால பேச்சு தாமதமாகாது, அதனால யாராவது ஒரு மொழிய நிறுத்தச் சொன்னா நிறுத்தாதீங்க.

இப்ப கணக்கு. அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022ல வளர்ச்சிப் பட்டியல திருத்தி எழுதுனாங்க. முன்னாடி பாதி குழந்தைங்க செய்யுறத வெச்சு எழுதியிருந்தாங்க, அதனால அந்தப் பட்டியல்ல ஒண்ணு வரலன்னாலும் "இன்னும் பாதிப் பேருக்கு வரலையே, பொறுங்க"ன்னு சொல்லிட முடிஞ்சுது. இப்போ நூத்துக்கு 75 குழந்தைங்களாவது அந்த வயசுல செஞ்சிடுற விஷயங்களத்தான் போட்டிருக்காங்க. அதுல 18 மாசத்துக்கு அம்மா அப்பாவ கூப்பிடுறத விட்டுட்டு மூணு வார்த்தை, 24 மாசத்துக்கு ரெண்டு வார்த்தைய சேத்துச் சொல்றது, 30 மாசத்துக்கு 50 வார்த்தை பக்கம். உங்க பையன் 18 மாசப் படிய தொட்டுட்டான், ஆனா இப்ப 20 மாசம், அடுத்த படிக்கு நாலே மாசம்தான் இருக்கு. இதுதான் டாக்டர்கிட்ட பேச வேண்டிய நேரம்.

ஆனா வார்த்தை எண்ணிக்கைய விட நான் அதிகமா பாக்குறது வேற. அவன் விரல நீட்டிக் காட்டுறானா? வேணும்ங்கிறதுக்காக காட்டுறது ஒண்ணு, "அங்க பாரேன்"னு உங்களுக்கு காட்டுறதுக்காகவே நீட்டுறது இன்னொண்ணு, அந்த ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம். பேர் சொன்னா திரும்புறானா? கையால சைகை காட்டாம "பந்த எடுத்துட்டு வா"ன்னு வாயால மட்டும் சொன்னா எடுத்துட்டு வர்றானா? நீங்க "புரிஞ்சுக்கிறான்"னு எழுதியிருக்கீங்க, அத இப்படி ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க, ஏன்னா நாம சொல்லும்போதே நம்ம கண்ணும் கையும் அந்தப் பக்கம் போயிடும், குழந்தை அதப் பாத்தே செஞ்சிடும். இதெல்லாம் சரியா இருந்தா பேச்சு மட்டும் மெதுவா வர்ற குழந்தையா இருக்க வாய்ப்பு அதிகம். இல்லன்னா இன்னும் சீக்கிரம் போகணும்.

காது டெஸ்ட் கட்டாயம் எடுங்க. "கதவு தட்டுனா திரும்புறான், காது நல்லா கேக்குது"ன்னு முடிவு பண்ணாதீங்க. பெரிய சத்தம் கேக்குற குழந்தைக்கும் பேச்சுல வர்ற மெல்லிய ஒலிங்க கேக்காம இருக்கலாம், அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைங்களுக்கு காதுக்குள்ள நீர் கோத்து நிக்கும். பிறந்தப்போ எடுத்த டெஸ்ட் நல்லா இருந்துச்சுங்கிறதும் இன்னிக்குப் போதாது.

ஆம்பள பிள்ளைங்க சராசரியா கொஞ்சம் பின்னாடி பேசுறது உண்மைதான், ஆனா அது ஒண்ணு ரெண்டு மாச வித்தியாசம், அத வெச்சு மூணு வயசு வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அப்பா லேட்டா பேசியிருந்தா அது டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிய ஒரு தகவல். அன்னிக்கு அவருக்கு என்ன சிரமம் இருந்துச்சு, தானா சரியாச்சா, ஸ்கூல்ல படிக்கிறப்ப கஷ்டப்பட்டாரான்னு யாரும் எழுதி வெக்கல. உங்க கணவர்கிட்ட இதச் சொல்லுங்க: பேச்சுப் பயிற்சியாளர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே பல இடத்துல வாரக்கணக்கா ஆகும், இன்னிக்கு பதிவு பண்ணா பண்டிகை முடிஞ்சப்புறம்தான் நம்ம முறை வரும். ஆக அவர் சொல்றபடியே நடக்கும், ஆனா நாள் வீணாகாது.

அதுவரைக்கும் வீட்டுல, அதுவும் கூட்டம் நெறஞ்ச பண்டிகை வீட்டுல, ஒண்ணே ஒண்ணு மட்டும் தடுத்துடுங்க. "அத்தைக்கு ஹாய் சொல்லு, மாமா பேரு சொல்லு, எங்க பூ சொல்லு"ன்னு அவன நடுவுல நிறுத்தி கேக்குறது. பத்துப் பேர் பாத்துகிட்டிருந்தா நமக்கே வாய் வராது. கேள்விய குறைச்சு நீங்க பேசுங்க, அவன் பாக்குறத நீங்க சொல்லுங்க, "லைட்டு, லைட்டு எரியுது, அணைஞ்சுடுச்சு!" அப்புறம் வாய மூடிகிட்டு அஞ்சு வினாடி மனசுக்குள்ள எண்ணுங்க. அந்த அஞ்சு வினாடி ரொம்ப நீளமாத் தெரியும், பல குழந்தைங்க அந்த இடைவெளியிலதான் வாயத் திறக்குதுங்க. டிவி பின்னணியில ஓடிகிட்டே இருந்தா அணைச்சுடுங்க. ஒரு வயசு குழந்தைக்கு திரையே வேணாம், ரெண்டு வயசுல ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. தாத்தா பாட்டியோட வீடியோ கால் பேசுறத இதுல சேக்காதீங்க, அங்க எதிர்ல ஒரு ஆள் பதில் சொல்றாங்களே.

கேள்வி: பொண்ணுக்கு 2 வயசு 2 மாசம். வீட்டுக்கு வேற குழந்தைங்க வந்தா பொம்மைய குடுக்கவே மாட்டா, பிடுங்கி அடிச்சுடுறா. சொந்தக்காரங்க முன்னாடி தலைகுனிவா இருக்கு. அப்பாவா நான் அவள சரியா வளக்கலையா?

பதில்: சரியாத்தான் வளக்குறீங்க சார். பகிர்ந்துக்கிறதுங்கிறது மூணு வயசுக்கு மேலதான் மெல்ல வர ஆரம்பிக்கும், ரெண்டு வயசுல "என்னுது"ங்கிற வார்த்தைய கண்டுபிடிச்ச சந்தோஷத்துலேயே இருப்பாங்க. மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு ஆய்வாளர் 1932லேயே எழுதியிருக்காங்க, இந்த வயசுல குழந்தைங்க பக்கத்துப் பக்கத்துல உக்காந்து தனித்தனியாதான் விளையாடும், சேந்து விளையாடுறது அப்புறம்தான் வரும்னு.

விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னாடி அவளுக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு மூணு பொம்மைய அவகிட்டயே கேட்டு எடுத்து உள்ள வெச்சுடுங்க. வெளிய இருக்குறதெல்லாம் எல்லாரும் விளையாடலாம்னு சொல்லுங்க. ஒரே மாதிரி ரெண்டு மூணு இருக்குற பொருள்கள், கட்டைகள், பந்துகள், கிண்ணங்கள் போடுங்க. அடிக்க கை ஓங்குறப்போ அந்தக் கைய மெதுவா பிடிச்சு "அடிச்சா வலிக்கும், உனக்கு அது வேணும், இன்னும் கொஞ்ச நேரத்துல உனக்கு"ன்னு சுருக்கமா சொல்லுங்க, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்க வெச்சு அழ வைக்காதீங்க. அந்த ரூம்லேருந்து பத்து நிமிஷம் தூக்கிட்டு வெளிய போயிட்டு வந்தாலே பாதி சண்டை அடங்கிடும், ஏன்னா பல நேரம் அது கோவமே இல்ல, சத்தமும் கூட்டமும் தாங்காத களைப்புதான்.

கேள்வி: குழந்தை எட்டு வாரம் முன்னாடியே பிறந்துட்டா. பண்டிகை அன்னிக்கே முதல் பிறந்தநாளும் வருது. இன்னும் எழுந்து நிக்கல, டாட்டா காட்டல. ஒரு வயசு ஆயிடுச்சேன்னு எல்லாரும் கேக்குறாங்க.

பதில்: பிறந்தநாள் கேக் வெட்ட ஒரு வயசு, வளர்ச்சிய பாக்க பத்து மாசம். அவ்வளவுதான் கணக்கு. குறைமாசத்துல பிறந்த குழந்தைங்களுக்கு 40 வாரத்துலேருந்து எத்தனை வாரம் முந்தி பிறந்தாங்களோ அத கழிச்சுட்டுத்தான் ரெண்டு வயசு வரைக்கும் பாக்கணும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படியே. இதக் கேக்குறவங்ககிட்ட "அவளுக்கு டாக்டர் கணக்குல பத்து மாசம்"னு ஒரே வரியில சொல்லிடுங்க. குறைமாசக் குழந்தைங்களுக்கு தொடர் செக்கப் இருக்கும், அத மட்டும் ஒண்ணுகூட விடாதீங்க.

கேள்வி: இந்தத் தடவை எங்க வீட்டுலதான் எல்லாரும் கூடுறாங்க. எங்க பிள்ளைங்க வளந்துட்டாங்க, அதனால வீட்டுல சின்னக் குழந்தைக்கு ஏத்த எந்த ஏற்பாடும் இல்ல. தம்பி மகளுக்கு ஒன்றரை வயசு. என்னென்ன பாக்கணும்?

பதில்: வர்றதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, உங்கள மாதிரி ஒரு அத்தை கிடைச்சது அந்தக் குழந்தைக்கு பெரிய விஷயம். ஒரு தடவை முட்டி போட்டு வீடு பூரா தவழ்ந்து பாருங்க, நிஜமாத்தான் சொல்றேன், அந்த உயரத்துலேருந்து பாத்தாதான் தெரியும் தொங்குற ஒயரு, மேசை விரிப்போட ஓரம், கட்டிலுக்கு அடியில உருண்டு போன மாத்திரை எல்லாம்.

எனக்கு ரொம்ப பயமே பட்டன் பேட்டரிதான். மினுக்குற அலங்கார விளக்கு, பாட்டு பாடுற வாழ்த்து அட்டை, ரிமோட், பண்டிகைக்குன்னு வாங்குற விளையாட்டு சாமான், எல்லாத்துலயும் அந்த வட்டமான சின்ன பேட்டரி இருக்கும். அத முழுங்கி உணவுக்குழாய்ல மாட்டிகிச்சுன்னா ரெண்டு மணி நேரத்துலேயே உள்ள பொசுங்கி புண்ணாயிடும். முழுங்கியிருப்பாளோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா எமர்ஜென்சிக்கு ஓடணும், எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுவாங்க. ஸ்க்ரூ போட்டு மூடாத எந்த பேட்டரி பெட்டியையும் அவ கைக்கு எட்டுற மாதிரி வைக்காதீங்க.

அடுத்தது தொண்டையில அடைக்கிறது. நாலு வயசு வரைக்கும் முழுக் கடலை, முழு பாதாம், பாப்கார்ன், உருண்டை மிட்டாய் குடுக்கக் கூடாது, திராட்சைய நீளவாக்குல நாலா நறுக்கிக் குடுங்க. வர்றவங்க அன்பா வாயில ஊட்டிடுவாங்க, அதனால இத எல்லார்கிட்டயும் முன்கூட்டியே சொல்லிடுங்க. வெடிச்ச பலூன் துண்டையும் உடனே பொறுக்கிடுங்க, அது மூச்சுக்குழாய்ல ஒட்டிகிச்சுன்னா எடுக்குறது ரொம்பக் கஷ்டம். சூடான டீ காபிய மடியில குழந்தைய வெச்சுகிட்டு யாரும் குடிக்க வேணாம், போட்டு கால் மணி நேரம் ஆன டீகூட இந்த வயசுத் தோல சுட்டுடும். விருந்தாளிங்க கைப்பைய தரையில வைக்க விடாதீங்க, அதுல பிரஷர் மாத்திரை சுகர் மாத்திரை இருக்கும். தண்ணி வாளிய காலி பண்ணி கவுத்து வைங்க.

இவ்வளவு பண்ணாலும் ஒரு விஷயம் விட்டுப்போகும், யார் பாத்துக்கிறாங்கங்கிறது. வீடு நெறைய ஆள் இருக்குறப்போ ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் பாக்குறாங்கன்னு நெனச்சுடுவோம். எங்க குடும்பத்துல ஒரு சால்வைய முறை வெச்சுக்குவோம், அது யார் தோள்ல இருக்கோ அவங்கதான் இப்ப குழந்தைக்குப் பொறுப்பு, சாப்பிடப் போகணும்னா சால்வைய அடுத்தவங்களுக்கு மாத்திட்டுத்தான் போகணும். சின்ன விஷயம்தான், ஆனா நல்லா வேலை செய்யுது.

கேள்வி: போன லீவுக்கு பத்து நாள் ஊருக்குப் போய்ட்டு வந்தோம். வந்ததுலேருந்து 22 மாசப் பையன் ராத்திரி நாலு தடவை எழுந்துக்கிறான், இடுப்பவிட்டு இறங்க மாட்டேங்கிறான், தானா ஸ்பூன்ல சாப்பிட்டவன் ஊட்டச் சொல்றான். வளர்ச்சி பின்னாடி போகுதா?

பதில்: தூக்கம், சாப்பாடு, ஒட்டிகிட்டே இருக்குறது, இந்த மாதிரி பழக்கங்கள் பயணத்துக்கு அப்புறம், இல்ல தம்பி தங்கச்சி பிறந்தப்புறம், காய்ச்சலுக்கு அப்புறம் கொஞ்ச நாள் பின்வாங்குறது ரொம்ப சகஜம். இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 11லேருந்து 14 மணி நேரம் தூக்கம் வேணும், பகல் தூக்கத்தையும் சேத்து. பத்து நாள்ல அதுல எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு பாருங்க. பழைய நேரத்துக்கு, பழைய வரிசைக்கு, அதே குளியல் அதே கதை அதே விளக்கு அணைப்புன்னு திரும்புங்க, ரெண்டு வாரத்துக்குள்ள சரியாயிடும். அடுத்த தடவை போறப்போ பகல் தூக்கத்த மட்டும் எந்த விருந்துக்காகவும் விட்டுக் குடுக்காதீங்க.

ஆனா இதோட குழப்பிக்கக் கூடாத ஒண்ணு இருக்கு. சொல்லிகிட்டிருந்த வார்த்தைகள விட்டுட்டா, டாட்டா காட்டுறத நிறுத்திட்டா, கண்ணப் பாக்குறது குறைஞ்சுட்டா, நடந்துகிட்டிருந்தவன் நடையில தடுமாறுனா, அதுக்கு பயணத்த காரணம் சொல்லிட்டு காத்திருக்காதீங்க. கத்துகிட்ட திறமைய இழக்குறது எந்த வயசுல நடந்தாலும் அந்த வாரமே டாக்டர பாக்க வேண்டிய விஷயம்.

கேள்வி: தங்கச்சி மகனுக்கு 19 மாசம். போன தடவை எல்லாரும் கூடுனப்போ கவனிச்சேன், பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, எதையும் விரல் நீட்டிக் காட்டல, கார் பொம்மையோட சக்கரத்தையே ரொம்ப நேரம் சுத்திகிட்டிருந்தான், மத்தவங்க சிரிச்சா திரும்பிச் சிரிக்கல. தங்கச்சிக்கு இது முதல் குழந்தை, அவளுக்குத் தெரியல. நான் சொன்னா உறவே முறிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. சொல்லாமயும் இருக்க முடியல.

பதில்: சொல்லணும். உங்க இடத்துல நான் இருந்தாலும் சொல்லுவேன். நடை பேச்சு எல்லாத்தையும் வெச்சு குழந்தைய குழந்தையோட ஒப்பிடாதீங்கன்னு இந்தப் பக்கம் பூரா எழுதிட்டு வந்தேன், நீங்க பண்ணது ஒப்பீடு இல்ல. பேருக்குத் திரும்பாதது, காட்டுறதுக்காக விரல் நீட்டாதது, சிரிப்புக்கு சிரிப்பு தராதது, இந்த மூணும் சேந்து 19 மாசத்துல இருந்தா எந்தக் குழந்தை மருத்துவரும் மேல பாக்கத்தான் சொல்லுவார். சக்கரம் சுத்துறது மட்டும் தனியா இருந்திருந்தா நான் கவலப்பட மாட்டேன், பல குழந்தைங்க சுத்தும். நீங்க பாத்தது காது சரியா கேக்காததா இருக்கலாம், ஆட்டிசமா இருக்கலாம், அன்னிக்கு அவன் கூட்டத்துல மிரண்டு போயிருந்ததாவும் இருக்கலாம். எதுன்னு சொல்றது நம்ம வேலை இல்ல, அதனால தங்கச்சிகிட்ட "ஆட்டிசம்"ங்கிற வார்த்தைய நீங்க எடுக்காதீங்க. நீங்க கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க.

அவங்க போய்க் கேக்க வேண்டியதும் ஒண்ணும் பெருசு இல்ல. எம்-சாட்னு ஒரு கேள்வித்தாள், ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கான்னு முதல் கட்டமா பாக்குறதுக்கு, 16லேருந்து 30 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு, 20 கேள்வி, அம்மா அப்பா ஆமா இல்லன்னு பதில் சொன்னா போதும். அதுல சந்தேகம்னு வந்தாலும் அது முடிவு இல்ல, இன்னும் விவரமா பாக்கணும்னு அர்த்தம். அமெரிக்காவுல குழந்தை மருத்துவர்கள் சங்கம் 18 மாசத்துலயும் 24 மாசத்துலயும் எல்லாக் குழந்தைக்கும் இந்த மாதிரி சோதனைய பண்ணச் சொல்லுது, சந்தேகம் இருக்குறவங்களுக்கு மட்டும் இல்ல. இத தங்கச்சிகிட்ட சொல்லுங்க, "ஒன்றரை வயசுல எல்லாருக்கும் பண்ற செக்கப்பாம், நம்மாளுக்கும் பண்ணிடலாமே"ன்னு ஆரம்பிக்க அது வசதியா இருக்கும். இந்த வயசுல மூளை வேகமா வளருது, உதவி தேவைன்னா இப்ப ஆரம்பிக்கிறதுக்கும் நாலு வயசுல ஆரம்பிக்கிறதுக்கும் வித்தியாசம் நிறைய.

எப்ப சொல்றதுங்கிறது முக்கியம். பண்டிகை அன்னிக்கு, பெரியவங்க இருக்குற ரூம்ல, சாப்பாட்டுக்கு நடுவுல, கண்டிப்பா கூடாது. அதுக்காக அடுத்த பண்டிகை வரைக்கும் காத்திருக்கவும் கூடாது, இந்த வாரமே போன் பண்ணி போய் ஒரு நாள் கூட இருந்துட்டு வாங்க, அவன அவன் வீட்டுலேயே, கூட்டம் இல்லாம, ஒரு தடவை பாத்தீங்கன்னா உங்களுக்கும் தெளிவா இருக்கும். குழந்தை தூங்குனப்புறம் அவகூட உக்காருங்க. முதல்ல அவளையே கேளுங்க, "உனக்கு ஏதாவது தோணுதா?"ன்னு. பல அம்மாக்களுக்கு ஏற்கனவே தோணியிருக்கும், யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருப்பாங்க. என் பொண்ண காது டெஸ்டுக்கு கூட்டிட்டு போகச் சொன்னது என் அக்காதான், அன்னிக்கு எனக்கு கோவம் வந்துச்சு, ரெண்டு வாரம் பேசல, ஆனா டெஸ்டுக்குப் போனேன், காதுல நீர் கோத்திருந்துச்சு, சரி பண்ணாங்க, நாலஞ்சு மாசத்துல பேச ஆரம்பிச்சா. உங்க தங்கச்சியும் கொஞ்ச நாள் பேசாம இருக்கலாம். "நீ எப்ப போறியோ சொல்லு, நான் லீவு போட்டு கூட வர்றேன்"னு சொல்லிட்டு வாங்க, சொன்ன மாதிரி போங்க.